நேராக வந்த கை

ஆப்ரிகாட் பழுத்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காது. நகரத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே வீட்டுக்கு வீடு மரம், மரத்துக்கு மரம் ஒரு பிள்ளை. ஏறத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு இறங்கத் தெரியாது. விழுகிற பிள்ளை கையை நீட்டிக்கொண்டுதான் விழும். உள்ளங்கை தரையில் ஊன்ற, உடம்பின் பாரம் முழுக்க முழங்கைக்கு வந்து சேரும். மூட்டுக்கு ஒரு விரற்கடை மேலே மேல்கை எலும்பு முறிந்துவிடும். அந்த வயதில் அந்த இடத்தில் எலும்பு தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி மெலிந்திருக்கும்.

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை மருத்துவர் அனுப்பியது. விசாரணைக்கு வந்தவரை நன்றாகக் கவனித்து, கை நழுவிவிட்டது என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல மனிதர். ஆனால் என் கை நழுவாது. இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முறிந்ததை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது விளங்க இது வேண்டும். பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு ஒருவர் மேல்கையைப் பிடித்துக்கொள்வார். நான் முன்கையைப் பிடித்து நிதானமாக இழுப்பேன். இழுத்தபடியே பக்கவாட்டுக் கோணலைச் சரிசெய்து, முழங்கையை மடக்கி, பின்னால் போய்விட்ட துண்டைக் கட்டைவிரலால் முன்னே தள்ளுவேன். அது தன் இடத்தில் உட்காரும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன அதிர்வு வரும். அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். பிறகு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளைத் தோல் வழியே எலும்பில் குறுக்காக ஏற்றிவிட்டு, பின்பக்கம் மாவுக்கட்டு. நாலு வாரத்தில் கம்பியை உருவிவிடலாம். மணிக்கட்டில் நாடி ஓடுகிறதா, விரல்கள் வெளுக்கிறதா, அசைகிறதா என்று மட்டும் இடையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளின் எலும்பு மன்னிக்கத் தெரிந்தது. முன்னும் பின்னும் கொஞ்சம் வளைந்து சேர்ந்தால் வளர வளரத் தானே நிமிர்ந்துகொள்ளும். உட்புறம் சாய்ந்து சேர்ந்ததை மட்டும் மன்னிக்காது. அந்தச் சாய்வு கடைசிவரை அப்படியே இருக்கும். எலும்பு மருத்துவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

என் மகன் திலோவருக்கு ஏழு வயதில் இடது கை முறிந்தது. வீட்டுக் கூரையில் பழம் காயவைத்திருந்தோம். குருவி விரட்டப் போனவன் குருவியோடு சேர்ந்து தானும் பறக்கப் பார்த்தான். அவன் அம்மா ஓய்னிசோ அவனைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் அரை நாள் போக வேண்டும். விரல்கள் அதற்குள்ளேயே வெளுக்கத் தொடங்கியிருந்தன. சொந்தப் பிள்ளையை அறுக்கக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நான் செய்ததிலேயே நல்ல கை அதுதான். கம்பி ஏறிய இடத்தில் வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று, பருப்பளவில் இரண்டு தழும்புகள். அவ்வளவுதான் மிச்சம். மற்றபடி எந்தக் கை முறிந்த கை என்று பெற்றவளுக்கே மறந்துபோனது. அவன் அந்தக் கையால் கல் எறிந்தான், கழுதை ஓட்டினான், வாய்க்காலில் நீந்தினான். உறவினர் வந்தால் நான் அவனைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டச் சொல்வேன். பதினாலு பதினைந்து வயதில் அவனுக்கு அது கூச்சமாகிவிட்டது. "அப்பா, நான் என்ன சந்தை மாடா?" என்பான். ஆனாலும் நீட்டுவான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆப்கானிஸ்தானில் நம் ராணுவம் இறங்கிப் போர் தொடங்கியபோது அவன் பள்ளியில் இருந்தான். சில மாதங்களில் முடிந்துவிடும் என்றார்கள். அவனுக்குப் பதினெட்டு நிறைந்தபோதும் முடியவில்லை.

அந்த நாட்களில் நான் ராணுவ அலுவலகத்தின் மருத்துவக் குழுவில் இருந்தேன். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பையன்கள் உள்ளாடையோடு வரிசையில் வருவார்கள். எலும்பும் மூட்டும் என் மேசை. எந்தக் கையைத் திருப்பி அனுப்புவார்கள், எந்தக் கையை எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு மனப்பாடம். கோணல் கைக்காரனைக் கொஞ்சம் திட்டிவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய்விடலாம்.

திலோவர் போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலை ஓய்னிசோ மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"திலோவர் அப்பா, அவன் கை ஒடிஞ்ச கைதானே" என்றாள்.

"அதுக்கென்ன இப்போ?"

"பலமில்லைன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? நீங்க வாயைத் தொறந்தா போதும்."

"அந்தக் கையில என்ன குறை கண்டே?"

"குறை இல்லைன்னு எனக்குத் தெரியும். அது அவங்களுக்கும் தெரியணுமா?"

"நான் போட்ட கையை நானே நொட்டை சொல்றதா?" என்றேன்.

அவள் மாவை மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

என் மகன் என்பதால் மறுநாள் நான் ஒதுங்கி நின்றேன். பக்கத்து மாவட்டத்து அறுவை மருத்துவர் யெஃபிம் மார்க்கோவிச் அவனைப் பார்த்தார். வயதானவர், எளிதில் யாரையும் மெச்சாதவர். பழைய காயம் உண்டா என்று கேட்டார். முழங்கை என்றான் திலோவர்.

"எந்தக் கை?"

"இடது கைங்க."

"ரெண்டையும் நீட்டு. மடக்கு. திருப்பு." அவர் இரண்டு முழங்கைகளையும் தடவிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஹோதம், இங்க வாங்க. இது உங்க வேலையா? எது ஒடிஞ்சதுன்னு எனக்கே தெரியலையே. இந்தப் பையனை மாஸ்கோவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டருங்களுக்குக் காட்டணும்."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் சிரித்தேன். திலோவர் என்னைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு கைகளையும் நீட்டியபடிதான் நின்றான். யெஃபிம் மார்க்கோவிச் முத்திரையைக் குத்தினார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மக்கள் பேசுவதும் எங்கள் மொழிதான். அதனால் எங்கள் பையன்களை மொழிபெயர்க்கக் கொண்டுபோனார்கள். போகிற அன்று வழக்கப்படி ஓய்னிசோ ஒரு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் கடித்தான். மிச்சத்தைச் சுவரில் மாட்டினோம். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்று முடிக்க வேண்டும்.

பத்து மாதம் கழித்துத் துத்தநாகப் பெட்டி ஒன்று வந்தது. பற்றவைத்து மூடியிருந்தார்கள். கூட ஓர் இளம் அதிகாரி வந்திருந்தான். திறக்கக் கூடாது என்பது உத்தரவு. நான் அவனிடம் சத்தம் போடவில்லை. "தம்பி, முழுசாத் திறக்க வேண்டாம். இடது கையை மட்டும் பாத்தாப் போதும். முழங்கைல உள்ளேயும் வெளியேயும் ரெண்டு தழும்பு இருக்கும். அதைப் பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றேன்.

"டாக்டர், உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. என்னைக் கேக்காதீங்க" என்றான் அவன். அவன் கண் கலங்கியிருந்தது. நல்ல வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

தொழுகை முடித்து அடக்கம் செய்தோம். சுவரில் இருந்த ரொட்டியை ஓய்னிசோ எடுத்துத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். பல நாள் அவள் தலைமுடியில் ரொட்டித் தூள் இருக்கும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் வந்த முழங்கை, ரொட்டிக் கடைக்காரர் மகன் கோமிலுடையது. ஆறு வயதுப் பையன். அவன் விஷயம் உண்மையிலேயே ஒரு தவறுதான், அதை நீங்கள் நம்ப வேண்டும். என் கவனம் சிதறியிருந்தது. மறுநாள் படத்தைப் பார்த்தபோது துண்டு உட்புறம் சாய்ந்திருப்பது தெரிந்தது. கம்பியை எடுத்துவிட்டு மறுபடி போட அரை மணி நேரம் ஆகும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கையை யாரும் எழுந்து வந்து பார்க்கமாட்டார்கள் என்று தோன்றியது. திட்டிவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய்விடுவான். படத்தை உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு அவன் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கை கொஞ்சம் கோணலாத் தெரியுதே டாக்டர்."

"மடங்குது, நீளுது. வேலைக்குத் தடை இருக்காது" என்றேன்.

"அதுவும் சரிதான். அடுப்புச் சுவத்துல ரொட்டியை அடிக்கிறதுக்கு இந்தக் கோணல் தோதாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். போகும்போது சூடாக இரண்டு ரொட்டி கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருடமாக நான் எதையும் ருசித்துச் சாப்பிட்டதில்லை. அன்று அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன்.

அடுத்த பையன் வந்தபோது தவறு எதுவும் நடக்கவில்லை. நான் நினைத்த கோணத்தில் சாய்த்தேன். நினைத்த கோணத்திலேயே கம்பியும் ஏற்றினேன். அது சுலபமான வேலை இல்லை. கொஞ்சம் சாய்ந்தால் மருத்துவக் குழு கண்டுகொள்ளாது. அதிகம் சாய்ந்தால் பையன் மண்வெட்டி பிடிக்க முடியாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நல்ல கைகள் வேண்டும். ரத்தக்குழாயை நான் ஒருபோதும் தொட்டதில்லை. ஒரு பிள்ளைக்கும் விரல் வெளுத்ததில்லை.

இப்படிச் சேர்ந்த கையைப் புத்தகங்களில் துப்பாக்கிக் கட்டைக்கு ஒப்பிடுவார்கள். கையை நீட்டினால் அந்த வடிவம்தான் தெரியும். துப்பாக்கியைத் தோளில் சார்த்தி நிற்க அந்தக் கைக்கு வராது.

ஏழு வயதுப் பிள்ளை ராணுவத்துக்குப் போகப் பத்துப் பதினோரு வருடம் இருக்கிறதே, அதுவரை போர் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று எங்களிடமும் சொன்னார்கள். இது முடிந்தால் வேறொன்று வரும். பிள்ளைகள் இருக்கும்வரை அவர்களை எடுத்துக்கொள்ள யாராவது இருப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நான் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவன். எனக்கு இது தெரியும்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது ஓய்னிசோவிடம் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பசங்களோட அம்மாக்கள்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா எந்த அம்மா வேண்டாம்னு சொல்லுவா? நீயே என்கிட்டக் கெஞ்சினியே."

"நான் கையை ஒடிக்கச் சொல்லலையே. ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்." தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள். "கேட்டீங்களா, இல்லையா?"

"இல்லை."

அந்த வாரமே அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவளை நீங்கள் விசாரிக்கப் போகாதீர்கள். அவள் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்வி.

நர்ஸ் மஸ்தூராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து வருடமாக அறுவை மேசையில் என் எதிரே நின்றவள். நான் கை நீட்டுவதற்கு முன்னால் என்ன கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். கணவன் சாலை விபத்தில் போய்விட்டான். இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தாள். வாய்த்துடுக்கு அதிகம். "டாக்டர், உங்க கைக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைங்க, தலைக்கு வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வாள்.

போன வருடம் நவ்ரோஸ் வசந்தத் திருவிழாவில் பையன்களின் மல்யுத்தம் நடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு வட்டமாக வந்து வணக்கம் வைத்தார்கள். மஸ்தூரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை, கருவிகள் கொதித்துக்கொண்டிருந்த அறையில் அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நேத்துப் பாத்தேன் டாக்டர். நம்மகிட்டக் கட்டுப் போட்ட பசங்க அஞ்சாறு பேரு இருந்தாங்க. எல்லாருக்கும் கை ஒரே மாதிரி உள்ளே சாஞ்சிருக்கு. ஒரே அச்சுல வார்த்த மாதிரி."

"பையன்க கட்டோட சும்மா இருக்கறதில்லை. ஆடி ஓடிக் கெடுத்துக்கறாங்க."

"பொண்ணுங்க மட்டும் கட்டில்ல கையைக் கட்டிட்டுப் படுத்திருக்காங்களா?" இடுக்கியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "பொண்ணுங்க கை ஒன்னுகூடக் கோணல் இல்லையே டாக்டர். எனக்கு எல்லாப் பொண்ணுங்களையும் தெரியும்."

நான் பொய் சொல்லவில்லை. திலோவரைப் பற்றி, யெஃபிம் மார்க்கோவிச்சைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். தண்ணீர் கொதித்துப் பாதியாகிவிட்டது. அவளுடைய மூத்த மகன் நாசருக்கு அப்போது பதினேழு வயது.

"என் நாசருக்கும் சின்ன வயசுல ஒடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் கடைசியில். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இனிமே செய்யாதீங்க. நான் யார்கிட்டேயும் சொல்லலை. ஆனா இனிமே செய்யாதீங்க" என்றாள்.

அவள் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். அதற்காக அவளைத் தண்டிக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியுமென்றால் செய்யாதீர்கள். அதற்குப் பிறகு வந்த கைகளை நேராகவே சேர்த்தேன். அவள் மேசைக்கு எதிரே நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் நம் கடைசிப் படைகளும் ஆப்கானிஸ்தானிலிருந்து பாலம் தாண்டித் திரும்பி வந்தன. வானொலியில் சொன்னபோது நான் வார்டில் இருந்தேன். மஸ்தூரா ஹல்வா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நாசரின் முறை இன்னும் வந்திருக்கவில்லை. இனி வந்தாலும் பயமில்லை. என்னிடம் தட்டை நீட்டியபோது மட்டும் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். போர் முடிந்தது எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஏப்ரலில் அவளுடைய இளைய மகன் ஷோதி கழுதையிலிருந்து விழுந்தான். எட்டு வயது. வலியில் உதடு நீலமாகியிருந்தது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"கழுதை மேல தப்பு இல்லை டாக்டர். அது ஏரோப்ளேனைப் பாத்துப் பயந்துடுச்சு. அதை அடிக்க வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"கை சரியாயிடுமா? எனக்கு ரெண்டு கையும் வேணும். நான் மல்யுத்தத்துல சேந்திருக்கேன்."

"சரியாயிடும்."

பெற்ற தாய் என்பதால் மஸ்தூரா உள்ளே வரக் கூடாது. கதவருகில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"டாக்டர், இவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமான்னு நினைச்சேன். ஆனா உங்களைவிட யாரு நல்லாப் போடப்போறாங்க. நேராப் போடுங்க. இனிமே தேவையில்லையே."

"நேராத்தான் போடுவேன். உக்காரு" என்றேன். அதைச் சொன்னபோது நான் அப்படித்தான் நினைத்தேன்.

இளம் மருத்துவர் தாஹிர் மேல்கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தேன். ஒரே இழுப்பு. கட்டைவிரலால் தள்ள வேண்டியதாகக்கூட இல்லை. எலும்பு தானே வழி தெரிந்து போய் உட்கார்ந்தது. அந்த அதிர்வு வந்தது. "உக்காந்துடுச்சு" என்று தாஹிர் சிரித்தார். கம்பி இரண்டும் ஏற்றிப் படம் எடுத்தோம்.

படம் ஈரமாகவே வந்தது. விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தாஹிரைக் கேளுங்கள். அது திலோவரின் கை. கம்பிகள் குறுக்கிட்ட இடம்கூட அதே இடம். இத்தனை வருடம் முயன்றும் வராதது, முயலாதபோது வந்துவிட்டது.

"சரியில்லை" என்றேன்.

"எனக்குச் சரியாத்தான் தெரியுது டாக்டர்."

"உங்களுக்கு இன்னும் கண் பழகலை."

கம்பிகளை உருவினேன். சேர்ந்திருந்ததைப் பிரித்து, உட்புறம் சாய்த்தேன். ஆனால் அந்த எலும்பு சாய மறுத்தது. விட்டால் நேரே போய் நின்றது. மூன்று தடவை கம்பி ஏற்றினேன், மூன்று தடவை எடுத்தேன். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை விறுவிறுக்குமே, அந்த நரம்பு உட்பக்கக் குமிழுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதற்குள் கை வீங்கிவிட்டது, குமிழ் விரலுக்குத் தட்டுப்படவில்லை. அந்த மாதிரி நேரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நானே மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது தடவை கம்பி போகும்போது, தூக்கத்திலேயே அவன் சுண்டுவிரல் ஒருமுறை துள்ளியது. நான் பார்த்தேன். கம்பியை ஏற்றி முடித்தேன்.

வெளியே வந்து மஸ்தூராவிடம், "நேரா வந்திருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரித்த அன்று அவனுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருந்தன. இப்போதும் அப்படித்தான். அந்தப் பக்கம் ஊசியால் குத்தினால் அவனுக்குத் தெரியாது. சட்டைப் பித்தான் போட முடியாது. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தால் சாய்கிறது. அவன் என்னிடம் கோபப்படவில்லை. "டாக்டர், இந்த ரெண்டு விரலும் இன்னும் தூங்குது. எப்போ எழுந்திரிக்கும்?" என்றுதான் கேட்டான். சில நரம்புகள் ஒரு வருடத்தில் எழுந்துகொள்ளும். இது எழுந்துகொள்ளாது. நான் அவனிடம் எழுந்துகொள்ளும் என்றேன்.

மஸ்தூரா தாஹிரைக் கேட்டிருக்கிறாள். பிறகு என் அறைக்கு வந்தாள். உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"முதல் படத்துல நேரா இருந்துச்சாமே?"

"ஆமா."

"போர் முடிஞ்சிடுச்சே டாக்டர். நீங்களும் என் கையால ஹல்வா வாங்கித் தின்னீங்களே."

"ஆமா."

இன்னொன்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைய பேருந்திலேயே உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். தன் ஒரு வருட மௌனத்தையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது.

தலைமை மருத்துவர் சொல்கிற வழி ஒன்று, கை நழுவியது. நீங்கள் இதுவரை எழுதியிருப்பது இன்னொன்று: மகனை இழந்த தகப்பன், பிள்ளைகளைப் போரிலிருந்து காப்பாற்றப் புத்தி பேதலித்துச் செய்தது. என் மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் ஷோதியின் பெயர் வருகிற இடத்தில் அதை அடித்துவிடுங்கள். அவனைக் காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை. புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது. கை கச்சிதமாக வந்தது. வெளியே ஒரு தாய் அதை வாங்கிக்கொண்டு போக உட்கார்ந்திருந்தாள். வளர்ந்து ஆளாகிற மகனோடு சேர்த்து அவளுக்கு அந்தக் கையும் கிடைக்கப்போகிறது. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்ற பையன்கள் விஷயம் அப்படியில்லை. கோமில் முதற்கொண்டு அவர்கள் எல்லோருக்கும் நான் செய்தது அன்பினால்தான். அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.